அடங்காத பிள்ளைகள் என்ற சாக்கு

மழைக்காலத்தில் மும்பைக் கடல் முதல் ஆளைக் கொண்டுபோனதும் மாட்டுங்காவில் காபி ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். “போர்டு வெச்சிருக்கான், விசில் ஊதறான், அதையும் மீறி இறங்கினா யார் என்ன பண்றது?” தாராவியில் பேச்சு வேறு, தீர்ப்பு அதேதான்: “கொழுப்பெடுத்துப் போய்ச் செத்தான்.” செம்பூரில் ஒரு பெரியவர், கடல் வருஷத்துக்கு நாலு காவு கேட்கும் என்று முடித்துவைப்பார். செத்தவன் தன் திமிராலோ தலையெழுத்தாலோ செத்தான், ஊர் தன் கடமையை எச்சரிக்கையோடு முடித்துவிட்டது என்பதுதான் இதற்கெல்லாம் அடியில் கிடக்கும் நம்பிக்கை. தப்பான நம்பிக்கை. நமக்கு வசதியானது என்பதால் நிலைத்துவிட்டது.

2023 ஜூன் 12ஐ எடுத்துக்கொள்வோம். பிபர்ஜாய் புயல் அரபிக்கடலில் நின்றிருந்த நேரம். சாந்தாக்ரூஸ் வக்கோலாப் பக்கத்துப் பையன்கள் ஜுஹு கோலிவாடா ஜெட்டியிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லப்பட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். கடற்கரையில் இருந்த லைஃப்கார்டுகள் தடுத்தும் அவர்கள் ஜெட்டி வழியாகப் போனார்கள் என்று செய்தி வந்தது. “பார்த்தீங்களா, சொல்லியும் கேக்கலை” என்று எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் செய்தியில் தெரிந்தது வேறு. மணலில் ஆள் நின்றான், சற்றுத் தள்ளி ஜெட்டியில் யாரும் நிற்கவில்லை. பேல்பூரிக் கடைகளுக்கு எதிரே இருக்கும் தண்ணீரை மட்டும் கடல் என்று கணக்கில் வைத்தால் இப்படித்தான் நடக்கும். ஓரிடத்தில் விரட்டப்பட்ட பதினாலு வயசுப் பையன் வீட்டுக்குப் போகமாட்டான், ஆளில்லாத இடத்துக்குப் போவான். இது தெரியாதவர்கள் பையன்களை வளர்த்ததில்லை.

2018இல் மும்பை மாநகராட்சி லைஃப்கார்டு வேலையைக் கோவாவில் அனுபவமுள்ள திருஷ்டி என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கிர்காவ், தாதர், ஜுஹு, வர்சோவா, அக்ஸா, கொராய் என்று ஆறு கடற்கரைகள். பொறுப்பு தீயணைப்புப் படையின் கீழ். அதற்கு முன்பிருந்ததைவிட இது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் தாராவிக்காரர் நடந்தே போய்விடக்கூடிய மாஹிம் அந்த ஆறில் இல்லை. பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டின் பாறைகளும் இல்லை. 2016 ஜனவரியில் அந்தப் பாறைகளில் படம் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கடலில் விழுந்தார்கள். ஒரு பெண்ணும், காப்பாற்றப் பாய்ந்த ஒருவரும் மாண்டார்கள். காவல்துறை உடனே ‘செல்ஃபி எடுக்கக் கூடாத இடங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டது. பாய்ந்தவர் கையில் ஒரு மிதவையாவது இருந்திருந்தால் என்ற கேள்வியைப் பட்டியல் கேட்காது. அவர் திமிரில் செத்தார் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

இங்குள்ள தமிழர்களான நம்மவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நெல்லைச் சீமையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்களுக்குக் கடல் தெரியும் என்ற நினைப்பு உண்டு. தெரிந்தது வேறு கடல். மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டருக்கு மேலும் போகும். வற்றத்தில் ஈரம் படாமல் நடந்துபோய் உட்கார்ந்த பாறைக்கும் கரைக்கும் நடுவே மூன்று மணி நேரத்தில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். லால்பாக் ராஜா என்ற பெரிய பிள்ளையாருக்கே இந்தக் கணக்கு பிசகியது. 2025 செப்டம்பர் 7 காலையில் கிர்காவ் வந்து சேர்ந்தவர், ஓதம் ஏறிவிட்டதால் மிதவையில் ஏற முடியாமல் இரவு ஒன்பது மணிவாக்கில்தான் கரைக்கப்பட்டார். பிள்ளையாரைத் திமிர் பிடித்தவர் என்று யாரும் திட்டியதாகத் தெரியவில்லை.

ஓதமாவது கண்ணுக்குத் தெரியும், இழுப்பு தெரியாது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருந்தால் அந்த வழியே ஆறுபோல வெளியே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கலங்கலாக ஒரு சாந்தமான பட்டை. குழந்தையோடு வருகிற தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்? அந்தச் சாந்தமான பட்டையைத்தான். எச்சரிக்கையாக இருப்பதாக நினைத்துக்கொண்டே இறங்குவாள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, மிதந்தபடி கைதூக்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். இது பள்ளிக்கூடத்துப் பாடமாக இருக்க வேண்டிய விஷயம். ‘அபாயம்’ என்ற பலகையில் இதெல்லாம் எழுதியிருக்காது.

மூழ்குகிறவன் கத்துவான், கையை ஆட்டுவான் என்பது சினிமா. வாய் மூச்சுக்கே போதாதபோது கத்த எங்கே போவது? கைகள் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும். பெரும்பாலும் 20 முதல் 60 நொடிக்குள் ஆள் உள்ளே போய்விடுவான். பத்தடி தூரத்தில் நிற்கும் அண்ணனுக்குத் தம்பி விளையாடுவதாகத்தான் தோன்றும். அதைப் பார்த்ததும் புரிந்துகொள்ளும் கண் பயிற்சியால் வருவது. கரைக்குக் கொண்டுவந்த பிறகு நடக்கும் கூத்து வேறு: வயிற்றை அமுக்குவார்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள். தண்ணீரை வெளியே எடுக்கிறோம் என்று மூச்சு கொடுக்க வேண்டிய நிமிடங்களைத் தொலைப்பார்கள். உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்தினால் பிழைக்க வாய்ப்புள்ளவர்கள் மணலிலேயே போய்விடுகிறார்கள். இதைத் தலைவிதி என்கிறோம்.

“அப்படியானால் எல்லோரையும் கடலில் இறங்க விடச் சொல்கிறாயா?” என்பார்கள். இல்லை. சிவப்பு, ஆரஞ்சு எச்சரிக்கை உள்ள மழை நாள்களில் காலை 6 முதல் 10 வரை மட்டுமே கடற்கரைக்கு அனுமதி என்று 2022இல் மாநகராட்சி உத்தரவு போட்டது நியாயமே. ஆனால் தடை ஆளில்லாமல் நிற்காது. ஆஸ்திரேலியாவிலும் பகலில் கடலில் குளிக்கத் தடை இருந்தது, அங்கே காரணம் மானம். 1900களின் தொடக்கத்தில் ஆள்கள் மீறி இறங்கினார்கள், தடை போயிற்று, மூழ்கியவர்கள் பெருகினார்கள். அடங்காதவர்கள் என்று சொல்லிவிட்டு அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை, சங்கம் சங்கமாக உயிர்காப்புப் படைகளைக் கட்டினார்கள். 1938 பிப்ரவரி 6 அன்று அங்கே பாண்டை கடற்கரையில் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கானோர் இழுத்துச் செல்லப்பட்டார்கள். சுமார் 250 பேரை மீட்டார்கள், இறந்தவர்கள் 5 பேர். இழுபட்டவர்களும் தேர்ந்த கடலோடிகள் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான்.

நமது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வேறு போக்கிடம் எது? பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் காசில்லாமல் கிடைக்கும் ஒரே வெட்டவெளி கடல். செம்பூரிலும் தாதரிலும் மாநகராட்சி நீச்சல்குளங்கள் இருக்கின்றன. சந்தாவும் மருத்துவச் சான்றும் கேட்கும் குளத்துக்குத் தோல்பட்டறையில் வேலை பார்க்கும் பையன் போவானா? நீச்சல் கற்றுக்கொள்ள இடம் கொடுக்காத ஊர், நீச்சல் தெரியாமல் ஏன் இறங்கினாய் என்று பிணத்திடம் கேட்கிறது. இந்தியாவில் வருஷத்துக்கு 35,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அத்தனை பேருக்குமா கொழுப்பு?

நாலரை மீட்டருக்கு மேல் ஓதம் ஏறும் நாள்களின் பட்டியலை மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் வெளியிடுகிறது. அதை ஹார்பர் லைன் ரயில் நடைமேடைகளில் தமிழ், உருது உட்பட ஒட்டட்டும். ஜெட்டிகளிலும் பாறைகளிலும் ஆள் போடட்டும், அந்த ஆள் ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்குப் போகிறவராக இல்லாமல், தீயணைப்பு வீரரைப் போல ஓய்வூதியம் வரை உள்ள ஊழியராக இருக்கட்டும். அந்த வேலைக்குக் கோலிவாடா மீனவப் பிள்ளைகளை முதலில் எடுக்கட்டும். எந்தக் கடற்கரையில், எத்தனை மணிக்கு, ஓதம் எந்த நிலையில் இருந்தபோது எத்தனை பேரைக் கரையேற்றினார்கள், எத்தனை பேரைப் பறிகொடுத்தார்கள் என்ற கணக்கை மாதாமாதம் வெளியிடட்டும். அதையெல்லாம் செய்து முடித்த பிறகும் யாராவது மூழ்கினால், மாட்டுங்கா காபி மேசையில் நானும் உட்கார்ந்து அவன் திமிரைப் பற்றிப் பேசுகிறேன்.