பிசிஓஎஸ் இருக்கா? முட்டையை உறைய வைக்க லோன் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன மாசம் ஒரு பொண்ணு வருமான வரி ரிட்டர்ன் விஷயமா வந்தாங்க. வயசு 26, கைக்கு வர்ற சம்பளம் 42,000 ரூபாய். கிளம்பற நேரத்துல தயங்கித் தயங்கிக் கேட்டாங்க: "மேடம், எனக்கு பிசிஓஎஸ் இருக்கு. இப்பவே முட்டையை எடுத்து உறைய வைக்கலன்னா பின்னாடி குழந்தை பிறக்கறது கஷ்டம்னு சொல்றாங்க. பர்சனல் லோன் எடுக்கலாமா?"

யார் சொன்னாங்கன்னு கேட்டேன். ஒரு இன்ஸ்டாகிராம் விளம்பரம், அதுக்கப்புறம் அங்கிருந்து தொடர்ந்து வந்த போன் கால்கள்.

என் கருத்து இதுதான்: பிசிஓஎஸ் இருக்குங்கற ஒரே காரணத்துக்காகக் கடன் வாங்கி முட்டையை உறைய வைக்காதீங்க.

நான் ஆடிட்டர், டாக்டர் இல்ல. ஆனா பணம் போடற இடத்தைப் பத்திப் படிக்காம போடக்கூடாதுல்ல? பிசிஓஎஸ்-ல பொதுவா முட்டை எண்ணிக்கை குறையறதில்ல. ஏஎம்ஹெச் அளவு பலருக்கு அதிகமாவே இருக்கும். முட்டை மாசாமாசம் ஒழுங்கா வெளியே வராததுதான் சிக்கல். இதனால குழந்தை தள்ளிப்போறவங்களுக்கு, 2023 சர்வதேச வழிகாட்டுதல் முதல்ல சொல்ற மருந்து லெட்ரோசோல்ங்கற மாத்திரைதான். ஐவிஎஃப் அதுக்கு ரொம்பப் பின்னாடி வருது. வயசு ஏற ஏற வாய்ப்பு குறையறது உண்மைதான், ஆனா அது எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும். முப்பதுகளின் கடைசி வரைக்கும் தள்ளிப்போடற எண்ணம் இருந்தா, மகப்பேறு மருத்துவர்கிட்ட உட்கார்ந்து பேசி முடிவெடுங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். 2 லட்சம் லோன், 14% வட்டி, 3 வருஷம்னா மாசம் சுமார் 6,835 ரூபாய் இஎம்ஐ. வட்டி மட்டுமே 46,000 ரூபாய்க்கு மேல. சேமிச்சு வைக்கற கட்டணம் தனி. இந்தப் பணத்தை வேற எங்க போடலாம்?

1. செக்கப்: பிசிஓஎஸ் இருந்தா சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு அதிகம். அதனால சர்க்கரை டெஸ்ட் முக்கியம். பீரியட்ஸ் 3 மாசத்துக்கு மேல வரலன்னா டாக்டரைப் பாருங்க. எடை கூடுதலா இருந்தா 5 முதல் 10% குறைச்சாலே பலருக்கு முட்டை வெளிவர்றது சீராகுது. பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு, தடுப்புப் பரிசோதனைக்கு மருத்துவக் காப்பீட்டுக் கழிவு வரம்புக்குள்ள 5,000 ரூபாய் வரைக்கும் கழிவு உண்டு.

2. இன்சூரன்ஸ்: அந்தப் பொண்ணோட அம்மா, "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு, ஃபார்ம்ல பிசிஓஎஸ்னு எழுதாதே"ன்னு சொல்லியிருக்காங்க. அந்த பயம் எனக்குப் புரியுது. ஆனா மறைச்சா, பின்னாடி கிளெய்மையும் நிராகரிக்கலாம், பாலிசியையும் ரத்து செய்யலாம். எழுதினா அதிகபட்சம் 36 மாசக் காத்திருப்பு, ஒருவேளை பிரீமியம் கொஞ்சம் கூடலாம். 26 வயசுல ஆரம்பிச்சா 29-ல அந்தக் காத்திருப்பு முடிஞ்சிடும். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க: தனிநபர் பாலிசிகள்ல பெரும்பாலும் ஐவிஎஃப் செலவு கிடைக்காது. ஆபீஸ் குரூப் பாலிசியில இருக்கான்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. ஆனா வேலையை விட்டா அந்த கவரும் போயிடும்.

3. தனி சேமிப்பு: ஆர்டி-யிலயோ லிக்விட் ஃபண்ட்லயோ மாசம் 3,000 ரூபாய் போடுங்க. 5 வருஷத்துல நீங்க போட்டதே 1,80,000 ஆயிடும். சிகிச்சை தேவைப்பட்டா கைல பணம் இருக்கும். தேவைப்படலன்னா பிரசவச் செலவுக்கு ஆகும். கல்யாணமே வேண்டாம்னு முடிவு பண்ணாலும் அது உங்க பணம்தான்.

அந்தப் பொண்ணு லோன் எடுக்கல. இன்சூரன்ஸ் ஃபார்ம்ல உள்ளதை உள்ளபடி எழுதிட்டு, ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போயிருக்காங்க. "அம்மாகிட்ட எப்படிச் சொல்றது"ன்னு கேட்டாங்க. இந்தக் கணக்கையே காட்டுங்கன்னு சொன்னேன்.

உங்க ஃபார்ம்ல நீங்க என்ன எழுதியிருக்கீங்க? இன்னிக்கே பாலிசி காப்பியை எடுத்து ஒரு தடவை பாருங்க.