குளக்கட்டின் உள்ளே யார் பார்ப்பது?

குளம் திருத்தப்படுகிறது என்றதும் நாம் முதலிற் பார்ப்பது கட்டின் உயரத்தையே. பற்றை வெட்டி, கிறவல் பரவி, துருசுக் கதவும் மாற்றிவிட்டால் மனம் ஆறுகிறோம். ஆனால் மண்கட்டு மேலால் நீர் பாய்ந்து மட்டும் உடைவதில்லை, உள்ளிருந்தும் உடைகிறது.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது மாரிவெள்ளக் காலமன்று. கட்டினுள்ளே நடந்த அரிப்பே காரணமெனப் பொறியியலாளர் எழுதியுள்ளனர்.

உள்ளரிப்பு மெதுவாகத் தொடங்கும். கறையான் புற்று, உக்கிய வேர், துருசோரத்து இடைவெளி ஆகியவற்றினூடாகக் கசியும் நீர் மண்ணைத் துணிக்கை துணிக்கையாகக் கொண்டு செல்லும். வெளிப்புற அடியில் தோன்றும் துளை, குளத்துப் பக்கமாக வளர்ந்து குகையாகும். பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்து மரம் முளைத்த கட்டுகளில் இந்த ஆபத்து அதிகம். நாம் திரும்பிப் போகும் ஊர்க் குளங்கள் பல இத்தகையனவே.

மண்ணின் குணமும் முக்கியம். சோடியம் மிகுந்த சில களிமண்கள் காய்ந்தால் கல்லாய் இறுகும். நீர் பட்டால் தாமாகவே கரைந்து கலங்கும். கடலையளவு மண்கட்டியொன்றைத் தெளிந்த மழைநீர் நிறைந்த கிளாசில் இட்டு, கலக்காமல் பத்து நிமிடம் பாருங்கள். கட்டியைச் சுற்றிப் புகைபோல் கலங்கல் பரவினால் அம்மண்ணைக் கட்டுக்கு இட விடக்கூடாது. கலங்காவிட்டாலும் நல்ல மண்ணென முடிவுகட்ட முடியாது. இறுக்கிய மண்ணில் 1 மில்லிமீற்றர் துளையிட்டு நீர் செலுத்தும் ஆய்வுகூடச் சோதனையும் வேண்டும்.

கசிவு தெளிவாக இருந்தால் அதன் அளவை நாளாந்தம் கவனிக்கலாம். கலங்கலாக வந்தால் கட்டு கரைகிறது என்பதே பொருள். உடனே அதிகாரிகளுக்கும் கட்டின் கீழுள்ள குடும்பங்களுக்கும் அறிவிக்க வேண்டும். வெளிப்புறத் துளையைக் களியால் அடைப்பது தவறு. நீர் வேறு வழி தேடும். மண்ணைத் தடுத்து நீரை மட்டும் வெளியேவிடும் மணலும் சல்லியுமே அங்கு இடத்தக்கவை.

எனவே நாம் கேட்பது மூன்று. திருத்த வேலை தொடங்குமுன் மண் சோதிக்கப்பட்டு, முடிவு கமக்காரர் அமைப்புக்குச் சொல்லப்பட வேண்டும். முதல் மாரியிற் குளத்தை ஒரேயடியாக நிரப்பாது, படிப்படியாக நிரப்பிக் கசிவைப் பார்க்க வேண்டும். கட்டைப் பார்வையிட வருவோர், அதன் பழைய உடைப்புகளை அறிந்த முதியோரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு போக விளைச்சல் தாமதித்தால் தாங்கிக்கொள்வோம். மீண்டும் ஒருமுறை வீடிழக்க எம்மால் முடியாது.