பாட்டியின் தோடும் பத்தரின் கையும்



சென்ற மாதம் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "பாட்டி போட்டிருந்த தோடு ஒரு ஜோடி பெட்டியில் கிடக்கிறது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம். கடையில் கொடுத்து, மாற்றிப் புதிதாக வாங்கிவிடலாமா?"

உங்களில் பலருக்கும் இந்த எண்ணம் வந்திருக்கும். பதில் சொல்வதற்கு முன் ஒரு பத்தரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர்க் கடைவீதியில், அஞ்சடி ஓரமாக ஒரு பத்தர் இருந்தார். தாழ்வான மரப்பெட்டி, கரிச்சட்டி, ஊதுகுழல், சாமணம், அரம், கம்பி அச்சு, உரைகல். அவருடைய பட்டறை இவ்வளவுதான். மடியில் ஒரு துணியை விரித்திருப்பார். அராவும்போது விழும் பொன் தூளில் ஒரு துகளும் வீணாகக் கூடாது அல்லவா?

அவரிடம் ஒருநாள், "இத்தனை மாதிரிகளை எந்தப் புத்தகத்தில் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். சிரித்தார். "புத்தகம் எதுக்கம்மா? நகையோட பேரைச் சொல்லிப் பாருங்க. எங்கே பார்த்தோம்னு அதுவே சொல்லிடும்" என்றார்.

நீங்களும் சொல்லிப் பாருங்கள். மாங்காய் மாலை, முல்லை அரும்பு மாலை, கோதுமை மணி. எல்லாம் தோட்டத்திலும் அடுக்களையிலும் கண்டவைதாம். 'தோடு' என்ற சொல்லுக்கே பழந்தமிழில் பூவிதழ் என்றும் ஓலை என்றும் பொருள் உண்டு. அந்நாளில் பெண்கள் பனையோலையைச் சுருட்டிக் காதில் அணிந்தார்கள். அதனால்தான் பொன்னில் செய்த பிறகும் அது காதோலை என்றே வழங்கியது.

கடல் கடந்து வந்த பிறகும் பொற்கொல்லரின் கண் ஓய்ந்துவிடவில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் நோன்யாப் பெண்களின் மேலாடையில் பித்தான் கிடையாது. அதைக் குரோசாங் என்ற ஊசிநகையால் பூட்டுவார்கள். மூன்று கொண்ட தொகுதியில் பெரியதை 'ஈபு' என்றும், சிறிய இரண்டை 'அனாக்' என்றும் சொல்வார்கள். தாயும் பிள்ளைகளும்! இவற்றைச் சீனப் பொற்கொல்லர்களோடு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த பொற்கொல்லர்களும் செய்து கொடுத்தார்கள். நம்மவர் கைக்குப் பழகிய பூவும் கொடியும் அங்கேயும் படர்ந்தன.

நம் பத்தர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் பால்மரம் வெட்டியவர். ஒருமுறை தோட்டத்துப் பெண் ஒருத்தி ஜிமிக்கி செய்யச் சொன்னாள். அடியில் முத்துக் கட்ட அவளிடம் பணம் இல்லை. பத்தர் முத்துக்குப் பதிலாகப் பொன்னிலேயே சிறு துளிகளைச் செய்து தொங்கவிட்டார். "கோப்பையில பால் சொட்டுமே, அந்தத் துளிதாம்மா இது. சின்ன வயசுல விடியக்காலம் அம்மாவோட போய்ப் பார்த்தது" என்றார்.

அந்தத் துளிகளுக்குள்ளே இருக்கும் சிறு மணிகளைச் செய்யும் முறை வியப்பானது. பொன் கம்பியைத் துணுக்குத் துணுக்காக நறுக்கிக் கரியின் மேல் வைத்துச் சூடேற்றுவார். உருகியதும் ஒவ்வொரு துணுக்கும் தானாகவே உருண்டு மணியாகிவிடும். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டுவதுதான் சோதனை. ஒட்டுவதற்கான பற்றாசு என்பது, பொன்னோடு செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்தது. நகையின் பொன் உருகுவதற்குச் சற்று முன்பே அது உருக வேண்டும். ஊதுகுழலில் ஒரு மூச்சு அதிகமானால் ஒரு வாரத்து வேலை கட்டியாகப் போய்விடும். அந்த நேரத்தில் பத்தர் யாரோடும் பேசமாட்டார்.

இப்போது கடைகளில் கிடைப்பவற்றில் பல அச்சு நகைகள். ரப்பர் அச்சில் மெழுகை ஊற்றி, ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் எடுத்து, பிறகு பொன்னை வார்க்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். கூலி குறைவு, ஏழைக்கும் எட்டுகிறது. ஆனால் கை வேலைக்கு மட்டும் நாம் ஏன் அப்படிப் பேரம் பேசுகிறோம்? பவுன் விலையை வாய் பேசாமல் கொடுத்துவிட்டு, கூலியில் பத்து வெள்ளி குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்கிறோம். பொன்னுக்கு விலை வைப்பது உலகச் சந்தை. பத்தருக்குக் கிடைப்பது அந்தக் கூலி ஒன்றுதானே!

அதனால்தான் இந்தத் தொழிலுக்குப் பிள்ளைகள் வருவதில்லை. மலேசியாவில் முடிதிருத்தும் தொழில், துணிக்கடை, நகைத்தொழில் ஆகிய மூன்றுக்கும் 2009ஆம் ஆண்டில் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பது நிறுத்தப்பட்டது. 2023இல்தான் மீண்டும் 7,500 பேருக்கு இடமளிக்க அரசு இசைந்தது. வெளியிலிருந்து ஆள் வந்தாலும் வரட்டும். ஆனால் பால் சொட்டுவதைப் பார்த்து வளர்ந்த கண் எங்கிருந்து வரும்?

இனி அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதில். உங்களுக்கும் உதவும்.

முதலில் தோட்டைத் திருப்பி, பின்பக்கத்தைப் பாருங்கள். அரம் பட்ட தடமும், இரண்டுக்கும் இடையே மயிரிழை வேறுபாடும் தெரிந்தால் அது பெரும்பாலும் கை வேலைதான். கடையில் மாற்றும்போது கல்லின் எடையைக் கழித்து, பொன்னின் எடைக்கும் மாற்றுக்கும்தான் பணம் தருவார்கள். 22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு பொன். பழைய நகையில் பற்றாசு அதிகம் இருந்தால் உருக்கும்போது மாற்று அதைவிடக் குறையும். அன்று பாட்டி கொடுத்த கூலியில் ஒரு காசும் திரும்பாது. புதிய நகைக்கு மறுபடியும் கூலி கொடுக்க வேண்டும்.

திருகாணி தேய்ந்திருந்தால் புதிதாகப் போடலாம். கல் விழுந்திருந்தால் பதிக்கலாம். மகளுக்குப் புது நகைதான் வேண்டுமென்றால், இதை மாதிரியாக வைத்து இன்னொன்று செய்யச் சொல்லலாம்.

வீட்டில் நோயோ, பிள்ளையின் படிப்போ நெருக்கினால் தயங்காமல் விற்றுவிடுங்கள். ஆபத்துக்கு உதவத்தானே பாட்டி குண்டுமணி குண்டுமணியாகச் சேர்த்தார்? ஆனால் "பழைய மாடல்" என்ற ஒரே காரணத்துக்காக நெருப்பில் போட்டுவிடாதீர்கள். பொன்னை என்றைக்கும் வாங்கலாம். அதைச் செய்த பத்தர் இன்றைக்கு இல்லை.

அந்தச் சகோதரி தோட்டை எடுத்துக்கொண்டு மகளோடு ஒரு பத்தரைத் தேடிப் போயிருக்கிறார். உங்கள் பெட்டியையும் இன்று ஒருமுறை திறந்து பாருங்கள்.