நாட்டுக்கு ஒரு கொட்டு

சென்ற இதழில் நண்பர், புல்லாங்குழலும் தாளவாத்தியமுமாக இருவர் சேர்ந்து வாசிக்கும் 'பல்கலாச்சார சேம்பர் மியூசிக்' பற்றிப் பரவசப்பட்டு எழுதியிருந்தார். ஒரே மாலையில் ருமேனியா, அர்ஜென்டினா, மேற்கு ஆப்பிரிக்கா, ஜப்பான், கடைசியாக இந்தியா. கலைக்கு எல்லைகள் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா என்று கேட்டதோடு நிற்கவில்லை. நமது மொழிபெயர்ப்புக் கவிதைச் சிறப்பிதழும் இதே மாதிரி, நாட்டுக்கு ஒரு கவிதையாக அமைய வேண்டும் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார். பரவசம் அவர் சொந்த விஷயம். யோசனை அப்படியல்ல.

இந்த ஜாதி நிகழ்ச்சிகளில் எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று பார்த்தாலே போதும். குழல் மாறுவதில்லை. 1847இல் ம்யூனிக்கில் தியோபால்ட் போம் வடிவமைத்த, சாவிகள் பொருத்திய குழலின் வாரிசுதான் ருமேனியாவுக்கும், ஜப்பானுக்கும். மாறுவது கொட்டு. குழல் இசையைத் தருகிறது, கொட்டு தேசத்தின் பெயரைத் தருகிறது. ஜெம்பே வந்தால் ஆப்பிரிக்கா, தபலா வந்தால் இந்தியா என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். கண்டக்டர் இல்லாமல், சம அந்தஸ்துள்ள சிலர், ஒருவரை ஒருவர் கேட்டு வாசிப்பதற்குத்தான் சேம்பர் மியூசிக் என்று பெயர். இங்கே ஒருவர் எஜமானர். மற்றவர் பாட்டுக்குப் பாட்டு உடை மாற்றிக்கொண்டு வரும் சேவகர்.

ஜெம்பேயை எடுத்துக்கொள்வோம். மாலி, கினி நாடுகளின் மான்டிங் மக்களிடம் அது ஒரு கூட்டத்தின் குரல். துனுன் என்கிற பெரிய கொட்டுகள் அடித்தளம் போட, துணை ஜெம்பேக்கள் மாறாத அடியைப் பிடித்துக்கொண்டிருக்க, ஆடுபவரின் காலைப் பார்த்தபடி முதல் ஜெம்பேக்காரர் பேசுவார். துனுனைக் கழித்து, துணையைக் கழித்து, ஆடுபவரையும் கழித்துவிட்டு, மிஞ்சியதன் மேல் ஒரு குழல் மெட்டைப் பூசி, இதுதான் ஆப்பிரிக்கா என்றால் என்ன அர்த்தம்?

மிருதங்கத்தின் கதி இன்னும் மோசம். அதன் வலந்தலை ஆதார ஷட்ஜத்துக்குச் சுருதி சேர்க்கப்பட்டது. போம் குழலின் பெருமையோ பன்னிரண்டு ஸ்வரங்களிலும் தடையின்றி ஓடி, ஒரு ஆதாரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. குழல் தாவிய பிறகும் மிருதங்கம் பழைய ஷட்ஜத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். குழல் தாவுவதைக் கைவிடலாம். மிருதங்கம் தன் நாதத்தை அமுக்கிக்கொண்டு வெறும் தட்டலாகலாம். அல்லது இந்த முரணையே உருவமாக்கும் சிருஷ்டிகர்த்தா ஒருவன் வர வேண்டும். மேடைகளில் நான் கேட்டதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது. அதற்குத்தான் சங்கமம் என்று பெயர் சூட்டுகிறார்கள். (நாமும் யோக்கியர்களல்ல. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து போகிற சபா ரசிகர் கொட்டுக்குக் கொடுக்கும் மரியாதையும் இதுதான்.)

மரிம்பா மட்டும் உடை மாற்றாமல் எல்லா நாட்டுக்கும் உழைக்கிறது. பியாஸோலா குழலுக்கும் கிதாருக்கும் எழுதிய டாங்கோ சரித்திரத்தில் கிதாரின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கை கட்டிய மூதாதை, குவாதமாலாவில் தேசிய வாத்தியம் என்ற அந்தஸ்து, சிகாகோவில் டீகன் கம்பெனி பொருத்திய உலோகக் குழாய்கள் என்று இரண்டு கண்டங்களின் சரித்திரம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. நான் பார்த்த நிகழ்ச்சிக் குறிப்புகள் எதிலும் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

வேறு மாதிரி நடந்திருக்கிறது. லூ ஹாரிசன் 1939இல், தன் 22ஆம் வயதில், குழலுக்கும் இரு தாளவாத்தியக்காரர்களுக்குமாக ஒரு கான்சர்ட்டோ எழுதினார். 1935இலேயே சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹென்றி கவல் நடத்திய உலக மக்களின் இசை வகுப்பில் உட்கார்ந்தவர். ஆனால் கான்சர்ட்டோவின் தலைப்பில் எந்த நாடும் இல்லை. தாங்கிப்பிடிக்கப் பியானோ இல்லை, ஹார்மனி இல்லை. ஒற்றை மெலடியும் தாளமும் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. அதே வருஷங்களில் ஜான் கேஜுடன் சேர்ந்து பழைய இரும்புக் கடைகளில் கார் பிரேக் டிரம்களைத் தட்டிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிரேக் டிரம்முக்கு எந்த நாடு? ஆசியாவுக்கு அவர் போனது 1961இல்தான். கொரியாவிலும் தைவானிலும் கற்றார். 1975இல், 58 வயதில், ஜாவா கமலான் கற்க மாணவராக உட்கார்ந்தார்.

நண்பர் அமெரிக்காவைக் காட்டியதால் நானும் அமெரிக்காவையே காட்டுகிறேன். வீணை தனம்மாளின் பேரர்கள், பாலசரஸ்வதியின் சகோதரர்கள்: குழல் விஸ்வநாதன், மிருதங்கம் ரங்கநாதன். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு ரங்கநாதன் 1963இல் போனார், 1975இல் விஸ்வநாதன். அங்கே உலக இசைப் படிப்பைத் தொடங்கிவைத்த ராபர்ட் பிரௌன், தானே ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்று, அதைப் பற்றியே 1965இல் ஆய்வேடு முடித்தவர். சகோதரர்கள் யாருக்காகவும் வாத்தியத்தை மாற்றிக்கொள்ளவில்லை. விஸ்வநாதன் கச்சேரி நடுவே குழலை இறக்கிவிட்டு வரியைப் பாடிக் காட்டுவார். சொல் தெரியாமல் ஊத முடியாது என்பது அவர் கட்சி. மாறியது கற்க வந்தவர்களின் நாக்கும் விரலும். அதற்கு வருஷங்கள் பிடித்தன.

இனி சிறப்பிதழ். நாட்டுக்கு ஒரு கவிதை என்றால், நம் கைக்கு எட்டுபவை அனைத்தும் ஆங்கிலம் வழியாக வந்தவை. ஆங்கிலம்தான் நமது போம் குழல். போலந்துக்கும் பெருவுக்கும் அதுவே ஊதும். கவிஞனின் பெயர் மட்டும் கொட்டு மாதிரி மாறிக்கொண்டிருக்கும். பி.ஏ.வில் ஆங்கிலம் படித்த என் போன்றவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான வேலை கிடையாது. வாரத்துக்கு நாலு நாட்டை முடித்துவிடுவேன்.

என் யோசனை இது. நம்மில் கன்னடம் நேரடியாகப் படிக்கிறவர்கள் இரண்டு பேராவது இருக்கிறார்கள். 40 பக்கங்களையும் ஒரே ஒரு கன்னடக் கவிஞருக்குக் கொடுங்கள். இதழ் ஆறு மாதம் தாமதமாகும், ஆகட்டும். அட்டையில் 'கன்னடம்' என்று போடுவதா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.