யமுனைக்கு முதலில் நீர் வேண்டும்

யமுனையின் மொத்த நீளம் 1,376 கிலோமீட்டர். அதில் தில்லியின் வஜீராபாத் தடுப்பணைக்கும் ஓக்லா தடுப்பணைக்கும் இடைப்பட்ட தொலைவு வெறும் 22 கிலோமீட்டர்; இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால், அந்த நதியில் கலக்கும் மாசில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தச் சிறு தொலைவில்தான் சேர்கிறது.

இதைப் போக்க இதுவரை நிதியே ஒதுக்கப்படவில்லை என்று எவரும் கூற முடியாது. ஜப்பான் கடனுதவியுடன் யமுனை செயல் திட்டம் 1993-இல் தொடங்கியது. 2004-இல் இரண்டாவது கட்டம் வந்தது. 2014-இல் ரூ.20,000 கோடியில் அறிவிக்கப்பட்ட 'நமாமி கங்கை' திட்டத்திலும் யமுனைக்குப் பங்கு உண்டு. உச்ச நீதிமன்றம் 1994-இல் பத்திரிகைச் செய்தி ஒன்றின் அடிப்படையில் தானாகவே இந்த விவகாரத்தை விசாரணைக்கு எடுத்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் விரிவான தீர்ப்பளித்தது. இத்தனைக்குப் பிறகும் சட் பூஜைக்கு வரும் பெண்கள் நச்சு நுரைக்கு நடுவே நின்று சூரியனை வணங்கும் அவலம் தொடர்ந்தது.

காரணம் என்ன? கோடையில் வஜீராபாத்துக்கு வந்து சேரும் நன்னீர் அனைத்தும் குடிநீருக்காக எடுக்கப்பட்டு விடுகிறது. அதற்குக் கீழே நதியில் ஓடுவது நஜஃப்கர், ஷாதரா உள்ளிட்ட வடிகால்களின் கழிவுநீர்தான். ஹரியாணாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து விநாடிக்கு 23 கன மீட்டர் நீர் நதியில் விடப்பட வேண்டும் என்று ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் 1999-இல் நிர்ணயித்த குறைந்தபட்ச அளவோ 10 கன மீட்டர் மட்டுமே.

நதியின் நிலை இவ்வாறிருக்க, கரையை அழகுபடுத்துவதில்தான் அரசுகளுக்கு ஆர்வம் அதிகம். பூங்காவுக்குத் திறப்பு விழா நடத்தலாம். புதைகுழாயில் கழிவுநீர் ஒழுங்காக ஓடுவதற்கு விழா எடுக்க முடியுமா? 2023 ஜூலையில் யமுனை வரலாறு காணாத வகையில் 208.66 மீட்டர் உயரத்துக்குப் பெருகியபோது, தில்லி வளர்ச்சி ஆணையம் கரையில் அமைத்த அசிதா, பான்சேரா பூங்காக்களும் மூழ்கின. வெள்ளப் படுகை நதிக்கே உரியது என்பதை யமுனை நினைவூட்டியது.

பூங்காவே வேண்டாம் என்பதல்ல நமது வாதம். தில்லி பல்கலைக்கழக அறிவியலாளர்களின் வழிகாட்டுதலில் வஜீராபாத் அருகே உருவான யமுனை பல்லுயிர்ப் பூங்கா, சதுப்பு நிலத்தையும் மண்ணுக்குரிய தாவரங்களையும் மீட்டெடுத்தது. முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியது அதைத்தான். கான்கிரீட் நடைபாதைகளை அல்ல. 2004-இல் யமுனா புஷ்தாவிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. அதே வெள்ளப் படுகையில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக் கிராமம் எழுந்தது. கரை மேம்பாடு என்ற பெயரில் அந்த அநீதி மீண்டும் நிகழக் கூடாது.

கரை நிலம் பெரும்பாலும் மத்திய அரசின் கீழுள்ள தில்லி வளர்ச்சி ஆணையத்தின் பொறுப்பு. கழிவுநீர், தில்லி அரசின் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ஹத்னிகுண்ட் ஹரியாணாவிடமும், ஓக்லா உத்தரப் பிரதேசத்திடமும் உள்ளன. ஒருவர் மீது ஒருவர் பழிபோட இதுவே வசதியாக இருந்து வந்தது. 2025 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் மத்தியிலும் இம்மூன்று அரசுகளிலும் ஒரே கட்சி ஆட்சி அமைந்ததால், அந்தச் சாக்குப்போக்குக்கும் இடமில்லாமல் போயிற்று.

யமுனைக்கு மத்திய அரசு தாராளமாக நிதி வழங்கட்டும், கேட்பதும் நியாயமே. ஆனால், வடிகால்கள் நதியில் சேரும் இடங்களில் நீரின் தரத்தை அளந்து, மாதந்தோறும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். அந்த அளவீடுகள் மேம்பட்டால்தான் அடுத்த தவணை என்று நிபந்தனை விதிக்க வேண்டும். ஹத்னிகுண்டில் கூடுதல் நீர் விட ஹரியாணாவின் ஒப்புதலையும் பெற வேண்டும். நதிக்கு உயிர் வந்தால் கரை தானாகவே பசுமை பெறும். நதியைச் சாகவிட்டுக் கரையில் பூச்செடி நடுவது, பிணத்துக்கு மாலை சூட்டுவதற்கு ஒப்பாகும்.