சிட்டியும் பட்சிராஜனும் நம்ம ஆளுங்கதான்

சூப்பர் ஹீரோ படம் சின்னப் பசங்க சமாச்சாரம், அதில் என்ன அரசியல் என்று கேட்கும் தோழர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறான் என்றால், முதல் பாகத்தில் சனங்க மனசில் ஏதோ ஒன்று தீராமல் நிற்கிறது என்று அர்த்தம். காசு போடுகிறவனுக்கு அது தெரியும். அது எது என்று நாம்தான் கேட்பதில்லை.

2010இல் ஷங்கரின் 'எந்திரன்' வந்தது. 2018 நவம்பர் 29இல் அதன் தொடர்ச்சியாக '2.0' வந்தது. கீழ்புத்துப்பட்டு முதல் மரக்காணம் உப்பளம் வரை எங்க பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். எவனும் விஞ்ஞானி வசீகரன் ஆவதில்லை. எல்லாருக்கும் சிட்டிதான் வேணும். அதிலும் நல்ல சிட்டி வேண்டாம். சிவப்புச் சில்லு சொருகிய, ஆடு மாதிரி கத்துகிற கெட்ட சிட்டி வேணும். ஏன்டா என்று கேட்டேன். "நல்ல சிட்டி சொன்ன வேலையச் செய்யும், அவ்ளோதாண்ணே" என்றான் ஒரு பொடியன். இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

சிட்டி யார்? வேலை செய்வதற்கென்றே படைக்கப்பட்டவன். சமைப்பான், சுமப்பான், எசமானுக்காக அடிதடிக்குப் போவான், தீக்குள் இறங்குவான். அதுவரை அவன் அதிசயம். எசமான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணை நேசித்த மறுகணம் அவன் குற்றவாளி. படைத்தவனே கோடரியால் வெட்டிக் குப்பைமேட்டில் எறிகிறான். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்த நாட்டில், இந்தக் காட்சி யாருக்கு விளங்காது? ஷங்கர் இதை நினைத்து எடுத்தாரா என்பது என் கேள்வியே இல்லை. பார்க்கிறவன் தன் உடம்பால் பார்க்கிறான்.

ரஜினியின் நடிப்பையும் இங்கிருந்துதான் எடைபோட வேண்டும். வசீகரனாக அவர் விறைப்பாக வந்துபோகிறார். சிட்டியாகும்போதுதான் உயிர் வருகிறது. கெட்ட சிட்டியாகும்போது கொண்டாட்டமே வருகிறது. கடைசியில் நீதிமன்றம் உத்தரவிட, தன் கையாலேயே தன் உறுப்புகளைக் கழற்றிவைக்கிறானே, அங்கே முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் அரங்கத்தை அழவைத்தார். அந்த அழுகைதான் தீராமல் நின்ற கணக்கு. '2.0' அதைத்தான் காசாக்கியது.

சரி, தொடர்ச்சியில் சிட்டிக்கு நியாயம் கிடைத்ததா? ஊருக்கு ஆபத்து என்றதும் பிரித்துவைத்தவனை எடுத்துப் பூட்டுகிறார்கள். சாவு விழுந்தால் பறைக்கும், குழி அடைத்தால் இறங்கவும் நம்மைத் தேடி வருவார்களே, அதேதான். ஆபத்துக்குக் கூப்பிடு, முடிந்ததும் ஒதுக்கு!

எதிரில் நிற்கும் பட்சிராஜன் யார்? அக்‌ஷய் குமார் இறகும் நகமுமாகப் பறந்துவரும் இடமெல்லாம் வெறும் இரைச்சல். அவர் நடிகராவது முன்கதையில்தான். பறவைகளுக்காக மனுவைத் தூக்கிக்கொண்டு கம்பெனி, மந்திரி, கோர்ட் என்று அலைகிறார் ஒரு கிழவர். எல்லா இடத்திலும் விரட்டப்பட்டு, செல்போன் கோபுரத்திலேயே தூக்கில் தொங்குகிறார். கூனிய அந்த முதுகை எங்க பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். 2013 ஏப்ரல் 25இல் மரக்காணத்தில் சேரி வீடுகள் எரிந்தபோது எந்த எந்திரனும் தீக்குள் இறங்கவில்லை. எரிந்தவர்கள் கையில் மிஞ்சியது மனுதான். கீழ்புத்துப்பட்டு முகாமில் இருக்கும் ஈழத்தமிழருக்கு 2021இல் 'அகதி' என்ற சொல் பலகையிலிருந்து போனது. குடியுரிமை வரவில்லை, 2019 சட்டம் அவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர்களும் மனுதான் எழுதுகிறார்கள்.

ஆக, படத்தில் மனு கொடுத்தவன் அரக்கன், அரசாங்கத்தின் எந்திரம் நாயகன்! அந்த அரக்கனையும் எப்படி மடக்குகிறார்கள்? குட்டி எந்திரங்களைப் புறாக்கள் மேல் ஏற்றி அனுப்புகிறார்கள். அவன் அன்பையே அவனுக்குக் கண்ணியாக்குகிறார்கள். கொன்று முடித்தபிறகு, அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்கிறார் வசீகரன். உயிரோடு இருக்கும்வரை விரட்டு, செத்தபின் புகழ். இந்த தேசத்தின் பழைய பழக்கம் இது.

இன்னொரு பித்தலாட்டமும் உண்டு. செல்போன் அலையால் பறவைகள் கூட்டமாகச் சாகின்றன என்பதை அறிவியல் உறுதி செய்யவில்லை. எங்க கழுவெளியைக் கேளுங்கள். பறவைக்கு எமன் வேட்டையும் ஆக்கிரமிப்பும். 2021இல் கழுவெளி சரணாலயம் ஆனது. 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நல்லதுதான், பறவை வாழட்டும். ஆனால் நிலம் யார் கையில் என்ற கேள்வியை 500 கோடிப் படம் தொடவே இல்லை. எல்லார் சட்டைப்பையிலும் இருக்கும் செல்போனைக் குற்றவாளியாக்கிவிட்டால், எவனுமே குற்றவாளி இல்லை என்று ஆகிவிடுகிறது. பறவை நிற்கும் அதே உப்புத்தண்ணியில், பாத்தியில் கால் வெடிக்க நிற்கிற எங்க ஆத்தாளுக்குத் திரையில் ஒரு ஓரம்கூட இல்லை.

வேறு மாதிரியும் செய்யலாம். 'பிளாக் பாந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மன் 2020இல் இறந்தார். 2022இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவர் இடத்தில் வேறு முகத்தை ஒட்டவில்லை. துக்கத்தையே கதையாக்கினார்கள். மகனைப் பறிகொடுத்த அரசியாக ஆஞ்செலா பாசெட் வெடித்த நடிப்பு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. முதலாளி டிஸ்னிதான், மறக்கவில்லை. ஆனாலும் அங்கே கறுப்பர் யாருக்கும் எந்திரம் இல்லை. தங்கள் சாவுக்குத் தாங்களே அழுகிறார்கள், தாங்களே எழுகிறார்கள்.

மாணவத் தோழர்களே, நம்ம பசங்களிடம் போய் 'சினிமா பாக்காதே' என்று உபதேசம் செய்யாதீர்கள். கூட உட்கார்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் கேளுங்கள்: சிட்டியை வெட்டினது யாரு? மனுவைத் தூக்கி எறிஞ்சது யாரு? உழைச்சவன் கடைசியில் எங்கே கிடக்கிறான்? பதிலை அவர்களே சொல்வார்கள். சிவப்புச் சில்லு எதுக்கு வேணும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.