விஷமில்லாத பண்ணை, பிள்ளைகளுக்குப் பத்திரமான பண்ணையா?

"நம்ம கொல்லையில விஷம் கிடையாது, பிள்ளைக தாராளமா இறங்கலாம்." இயற்கை விவசாயிகள் கூடுகிற இடத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பிள்ளைகள் வயலுக்கு வரணும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். பயிர் எது, களை எது என்று தெரியாமல் வளர்கிற பிள்ளை நாளைக்கு நிலத்தை விற்கத்தான் பார்க்கும். ஆனால் விஷம் இல்லை என்பதாலேயே ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது.

எங்கள் கொடும்பாளூர்ப் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இன்னும் இருக்கின்றன. 200 லிட்டர் ஜீவாமிர்த டிரம்மை எட்டிப் பார்க்கும் சிறுசு தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. நாம் பெருமையாகச் சொல்லும் மூடாக்குக்கு அடியில்தான் தேளும் பாம்பும் ஒதுங்கும். அக்னி அஸ்திரத்துக்குப் போடும் புகையிலையின் நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கொதிக்கிற பானை வேறு. சாணமும் மண்ணும் புழங்கும் இடத்தில் முள் குத்தினால் ரணஜன்னி பயம் உண்டு. 10 வயதிலும் 16 வயதிலும் போடவேண்டிய தடுப்பூசியைப் போட்டாச்சா?

2019 அக்டோபரில், மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை விழுந்து இறந்தது சொந்த வீட்டுத் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றில்தான். கைவிட்ட போரை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2010லேயே உத்தரவிட்டிருந்தது.

சட்டமும் இருக்கிறது. 2016 திருத்தத்தின்படி 14 வயது நிரம்பாத பிள்ளைகள், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்ப வேலையில் ஒத்தாசை செய்யலாம். இடைவேளை போக நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது என்கின்றன 2017 விதிகள். டிராக்டர், கதிரடிக்கும் மெஷின், அறுவடை மெஷின், தட்டை வெட்டும் மெஷின் ஓடுகிற வேலைக்குச் சொந்தப் பிள்ளையையும் சேர்க்கக் கூடாது.

ஆனால் சொந்தக் கொல்லைக்குள் எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? அமெரிக்காவிலும் இதே நிலைமைதான். பெற்றோரின் சொந்தப் பண்ணைக்கு, ஆபத்தான வேலை பற்றிய அந்நாட்டுச் சட்ட விதி பொருந்தாது. லாவோஸிலிருந்து போய் மினசோட்டாவில் குடும்பத்தோடு காய்கறி போடும் மோங் மக்களின் பிள்ளைகளுக்கும் பெற்றோர் கண்தான் காவல்.

வங்கியில் டிராக்டர் கடன் கொடுக்கும்போது வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா என்று கேட்போம். மட்கார்டில் உட்கார்ந்து வரும் பேரனுக்கு யார் காப்பு?

என் யோசனை இதுதான். பி.ஜி.எஸ். குழுவில் அக்கம்பக்கத்து விவசாயிகள் ஐந்து பேராவது சேர்ந்து, ஒருத்தர் பண்ணையை இன்னொருத்தர் நேரில் போய்ப் பார்க்கிறோம். யூரியா மூட்டை கிடக்கிறதா என்று பார்க்கிற அந்தக் கண், கிணற்றுச் சுவரையும் போர் வாயையும் டிரம் மூடியையும் மெஷின் பக்கம் நிற்கும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கட்டும். சிறுசுகளுக்கு விதை பொறுக்குவது, நாற்றுப் பைக்கு மண் நிரப்புவது. கொஞ்சம் பெரியவர்களுக்குக் காய் பறிப்பது, கோழிக்குத் தீனி வைப்பது என்று குழுவே வேலையைப் பிரித்து எழுதி வைக்கலாம். இதற்கு எந்த இலாகா உத்தரவும் வேண்டியதில்லை. அடுத்த பண்ணைப் பார்வையிலேயே ஆரம்பிக்கலாம்.